திருப்பிப் பூட்டலாம்

கார் சாமானுக்குப் பத்துச்சீட்டு கேட்டு வந்த மனிதர் இந்த உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

வெள்ளைக்காரன் கொடியை இறக்கிய மறுவருஷம். கொடிதான் இறங்கியதே தவிர, எங்கள் தோட்டத்துப் பங்களாவில் வெள்ளைக்காரத் தொரை அப்படியேதான் இருந்தார். இலங்கையில் கொட்டகலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார் தொரையின் கார் டிரைவர். காக்கிச் சட்டை, கழுத்தைச் சுற்றி ஒரு பழைய கம்பளித் துண்டு, கையில் ரப்பர் பந்து வைத்த பித்தளை ஹோர்ன்.

“சின்னய்யா, ஒரு பத்துச்சீட்டு எழுதணும்ங்க.”

“யாருக்கு?”

“இவனுக்குத்தாங்க” என்று ஹோர்னை ஜன்னல் கட்டையில் வைத்தார். “தொரை கரண்டு ஹோர்ன் வாங்கிட்டாரு. இவனைக் கழட்டியாச்சு.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

தோட்டத்தில் பத்துச்சீட்டு என்றாலே எல்லோருக்கும் பயம். வேலையிலிருந்து நிறுத்துகிறபோது தொரை கையெழுத்துப் போட்டு நீட்டுகிற சீட்டு அது. பேர் வெட்டியாகிவிட்டது, குடியிருக்கிற லயத்துக் காம்பராவைக் காலி செய்துகொண்டு கிளம்பு என்று அர்த்தம். ‘அவனுக்குப் பத்துச்சீட்டு கொடுத்துவிட்டார்கள்’ என்று யாராவது சொன்னால், கேட்கிறவர்கள் சாவுச் செய்தி கேட்டதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அப்படிப்பட்ட சீட்டை ஒரு பித்தளை ஹோர்னுக்கு எழுதச் சொல்கிறாரே, என்னைக் கிண்டல் செய்கிறாரோ என்றுகூட நினைத்தேன். அவருக்கு அது வேறு அர்த்தம் என்று பிறகுதான் தெரிந்தது.

“எங்கப்பனைச் சீட்டே குடுக்காம வெரட்டினாங்க சின்னய்யா. ஆறு தோட்டம் ஏறி எறங்கினோம். சீட்டு எங்கேன்னு கேப்பாங்க. இல்லன்னா கேட்டைச் சாத்திருவாங்க. சீட்டுங்கிறது வெரட்டுறதுக்கு இல்லங்க. இவன் ஒழுங்கா வேல செஞ்சவன், கொறை ஒண்ணுமில்ல, எடம் இருந்தா சேத்துக்கங்கன்னு சொல்றதுக்கு.”

தேயிலைப் பெட்டிகளில் கட்டுகிற அட்டை ஒன்றை எடுத்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பித்தளை ஹோர்ன். அதே வரியில் தேதி. கழட்டின காரணம்: தொரைக்கு மனசு மாறியது. நிலைமை: நல்லது. எழுதி முடித்துவிட்டேன் என்று நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

“கடைசி வரி ஒண்ணு இருக்குங்க. திருப்பிப் பூட்டலாம்னு போடுங்க.”

பூட்டுவது என்றால் எங்கள் பக்கத்தில் சாமானை அதனிடத்தில் மாட்டி முடுக்குவது. போட்டேன். அட்டையை ஹோர்னின் கழுத்தில் கம்பியால் கட்டிக்கொண்டு, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனார்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலகச் சண்டைக்கு முந்தின கார். கறுப்பு. முன்பக்கம் நீண்டு, பின்பக்கம் குறுகி, ஏற்றத்தில் ஏறும்போது பெருமூச்சு விடும். தொரைக்கு அந்தக் காரின் மேல் உயிர். ஆனால் சீமையிலிருந்து படம் போட்ட புத்தகம் வரும்போதெல்லாம் ஆசையும் வரும். ஒரு வருஷம் ஹெட்லைட்டை மாற்றினார். அடுத்த வருஷம் கார்புரேட்டர். அப்புறம் டைனமோ, இருக்கை, சக்கரம். காரை விற்கவும் மனசில்லை, அப்படியே வைத்துக்கொள்ளவும் மனசில்லை. புதுச் சாமான் வந்து இறங்கிய மறுநாள் டிரைவர் என் ஜன்னலுக்கு வந்துவிடுவார்.

பெரிய கிளாக்கர் இவரை விரட்டிவிட்டதால்தான் என்னிடம் வந்தார் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் எனக்கு அதில் ஒரு பெருமை. என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். டிரைவருடைய மகள் காமாட்சி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், நன்றாகவே எழுதுவாள். “அவளை எழுதச் சொல்லலாமே அண்ணே” என்று ஒரு தடவை கேட்டேன். “வீட்டு எழுத்து செல்லாதுங்க. ஆபீஸ் எழுத்து இருந்தாத்தான் பத்துச்சீட்டு” என்றார்.

காமாட்சிக்கு வேறு வேலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கராஜின் பின் அறையில் அவர் பெரட்டு வைப்பார். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதே பெரட்டு. சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கி மண்ணெண்ணெயில் துடைத்து எண்ணெய் பூசுவார். காமாட்சி அட்டையைப் பிடித்து உரக்க வாசிப்பாள். “இடது பக்க ஹெட்லைட்டு. கழட்டின காரணம், வெளிச்சம் போதவில்லை. நிலைமை நல்லது.” இதற்குமேல் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். கடைசி வரியை மட்டும் கோயிலில் தேவாரம் பாடுகிற மாதிரி இழுத்துப் பாடுவாள். “திருப்பிப் பூட்ட... லா...ம்!” அவர் உள்ளே இருந்து, “இருக்கான்!” என்று பதில் குரல் கொடுப்பார். தாயில்லாப் பிள்ளை. அவள் சிரித்தால் அவருக்குப் போதும்.

எல்லாச் சாமானுக்கும் அந்தக் கடைசி வரி கிடைத்துவிடாது. உடைந்தது, வெடித்தது, இனி உதவாது என்றால் மூன்று வரிதான். அந்த அட்டையோடு அது பழைய இரும்புக்காரனிடம் போய்விடும். ஒரு தடவை தோட்டத்து டிஸ்பென்சர் அவருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார். கன்னம் வீங்கின மனுஷன் நேராக என்னிடம் வந்து பல்லை மேசையில் வைத்தார். பேச முடியாமல் கையால் எழுதுவதுபோல் சைகை காட்டினார். கூடவே வந்த காமாட்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் விளையாட்டாக எழுதினேன். கடைவாய்ப் பல். கழட்டின காரணம்: வலி. நிலைமை: சொத்தை. “கடைசி வரி போடட்டுமா அண்ணே?” என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டி, வீங்கின வாயாலேயே சொன்னார். “வேணாங்க. அது இனி ஒட்டாது.”

பைத்தியம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒரு மழைக்காலத்தோடு அந்தப் பேச்சு நின்றது. தொரையின் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்து நுவரெலியாவுக்குக் கொண்டு போகிறபோது, நானுஓயா ஏற்றத்தில் புதுக் கார்புரேட்டர் மக்கர் செய்துவிட்டது. மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. தொரை கத்திக்கொண்டு ரோட்டில் நடந்திருக்கிறார். நம் ஆள் பின்பக்கத்தைத் திறந்து, கூடவே கொண்டுவந்திருந்த, அட்டை கட்டின பழைய கார்புரேட்டரை எடுத்திருக்கிறார். அரை மணி நேரத்தில் பூட்டிவிட்டார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மறுநாள் ஆபீஸ் வாசலில் எல்லோர் முன்னாலும் தொரை தன் தோட்டத் தமிழில் சொன்னார். “டிரைவர், கழட்டின சாமான் எல்லாம் ஒனக்கு. வச்சுக்கோ, வித்துக்கோ.”

விற்கவில்லை. நுவரெலியாவிலிருந்து ஒருவர் அந்த ஹெட்லைட்டுகளுக்காக மூன்று தடவை நடந்தார். “கார் இருக்கறவரைக்கும் அதோட சாமான் இருக்கணும். கார் என்னைக்காவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது?” என்று அவரை அனுப்பிவிட்டார்.

காமாட்சி போனது அதற்கு அடுத்த வருஷம். மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை பார்த்த பையன். நல்ல பையன். சாதி வேறு. ஒரு நாள் பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்ப வேண்டியவள் திரும்பவில்லை. அந்தப் பக்கத்துக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள் என்று பொழுது சாயும் முன்பே சேதி வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். இவர் லயத்துக்கு முன்னால் குறுக்கே நின்றுகொண்டு ஒருவரையும் விடவில்லை. ஒரு மாதத்துக்கு அவர் வீட்டில் அடுப்பு ஒழுங்காகப் புகையவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டும் நின்றுவிட்டது.

ஒரு மாதம் கழித்து ஜன்னலுக்கு வந்தார்.

“சின்னய்யா, ஒரு பத்துச்சீட்டு எழுதணும்ங்க.”

“எந்தச் சாமானுக்கு அண்ணே?”

“காமாட்சிக்கு.”

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். “கோபத்தில் இதெல்லாம் செய்யாதீர்கள்” என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. கையில் அட்டைகூடக் கொண்டுவந்திருந்தார். இருக்கிறதில் அழுக்கில்லாத அட்டை.

“கார் சாமானுக்கு எழுதுற மாதிரியே எழுதுங்க. தானாப் போயிருச்சு. கொறை ஒண்ணுமில்ல. பொறவு அந்தக் கடைசி வரி.”

“நேரா ஒரு எட்டுப் போய்க் கூப்பிட்டுவிட்டு வரலாமே அண்ணே.”

“போனா அழுதுருவேங்க. சம்பந்தி வீட்டு வாசல்ல நின்னு அழச் சொல்றீங்களா? அதுக்குச் சீட்டு புரியும். அதை வாசிச்சுக்கிட்டேதான வளந்துச்சு.”

எழுதினேன். காமாட்சி. நீங்கிய காரணம்: தானாகப் போனது. நிலைமை: நல்லது. இந்த மூன்று வரியும் எழுதிவிட்டேன். நாலாவது வரிக்கு வந்ததும் என் படிப்பு குறுக்கே வந்து நின்றது. ஒரு பெண் பிள்ளையைப் பற்றி ‘திருப்பிப் பூட்டலாம்’ என்று எழுதுவதா? அவள் மாமியார் வீட்டில் யாராவது எழுத்துக் கூட்டி வாசித்தால் என்ன நினைப்பார்கள்? வேறு ஒருத்தனுக்குத் திருப்பிக் கட்டிவைக்கலாம் என்று தகப்பன் எழுதி அனுப்பியிருக்கிறான் என்றல்லவா நினைப்பார்கள்? அந்தப் பெண் அங்கே எப்படித் தலை நிமிர்வாள்? இப்படியெல்லாம் யோசித்தேன். யோசனை நன்றாகத்தான் இருந்தது. அதை வாய்விட்டு அவரிடம் சொல்லியிருந்தால் வேறு நல்ல வார்த்தை ஒன்று சேர்ந்து தேடியிருப்போம். ‘வீட்டுக்கு வா’ என்று எழுதியிருந்தால்கூடப் போதும். நான் சொல்லவில்லை. நாலு எழுத்துக் கற்றவன், கற்காதவருக்கு என்ன விளக்கிக்கொண்டிருப்பது என்ற திமிர். மூன்று வரியோடு மடித்து நீட்டினேன்.

“கடைசி வரி போட்டீங்களா?”

“போட்டாச்சு” என்றேன்.

அதை அவர் தபால் பை சுமக்கிற தப்பால்காரனிடம் கொடுத்து, அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு மறுபடி ஆரம்பமானது. வாசிக்க ஆள் இல்லாததால் தானே ஒவ்வொரு சாமானாக எடுத்து, மனப்பாடமாகத் தெரிந்ததைச் சொல்லிக்கொள்வார். கராஜ் கதவை மட்டும் அகலத் திறந்து வைத்திருப்பார். அங்கிருந்து பார்த்தால் மலை முகட்டுப் பாதை தெரியும்.

அவள் வரவில்லை. முதல் தீபாவளிக்கு வருவாள் என்றார். பிறகு தலைப்பிள்ளைக்கு வருவாள் என்றார். பிள்ளை பிறந்த சேதி வந்தது, பிள்ளை வரவில்லை. அந்தப் பக்கத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு வருஷம் நானும் அவரும் போயிருந்தோம். தேருக்கு அந்தப் பக்கம் காமாட்சி இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். இந்தப் பக்கம் இவர். தேர் நகர்ந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இவர் துண்டைக் கழுத்திலிருந்து எடுத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திரும்பி வரும்போது, எங்கள் தோட்டத்து எல்லை வந்ததும் சொன்னார். “பாத்துச்சு. சிரிக்கல.”

“நீங்களாவது கூப்பிட்டிருக்கலாம்.”

“சீட்டு குடுத்தாச்சே சின்னய்யா. அதுக்கு மேல என்ன கூப்பிடுறது?”

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஒரு வரிதானே, அது இல்லாவிட்டால் என்ன, அப்பன் சீட்டு அனுப்பினான் என்றாலே வரலாமே, திமிர் பிடித்த பெண் என்று நானும் அவள் மேல் கோபப்பட்டேன்.

அவள் போய் ஏழு வருஷம் ஓடிவிட்டது. தொரை சீமைக்கே திரும்பிப் போவதென்று முடிவானது. காரை நுவரெலியாவில் ஹோட்டல் நடத்துகிற ஒரு முதலாளிக்கு விற்றார். முதலாளிக்குக் கார் ஆரம்பத்தில் எப்படி இருந்ததோ அப்படியே வேண்டுமாம். “பழைய சாமானெல்லாம் உங்ககிட்ட இருக்காமே” என்று டிரைவரிடம் வந்தார். இவர் மசியவில்லை. “காரைத்தான் தொரை வித்தாரு. சாமான் என்னுது. தொரையே சொல்லியிருக்காரு.” கார் போன பிறகு வெறும் சாமானை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று நான் கேட்டேன். “கார் திரும்பி வந்தா?” என்றார்.

அந்த மாதத்தில் ஒரு நாள், ஸ்டோருக்கு வந்த ஒரு பார்சலை எடுக்கக் கொட்டகலை ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். பிளாட்பாரம் முழுக்கத் தகரப் பெட்டிகளும் மூட்டைகளும். பிரஜாவுரிமை மனு தள்ளுபடியாகி, இந்தியாவுக்குக் கிளம்புகிறவர்கள். வழியனுப்ப வந்தவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு பெட்டியின் மேல் காமாட்சி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒன்று, பக்கத்தில் ஒன்று. மூத்ததற்கு அப்படியே டிரைவருடைய மூக்கு.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். “ஐயா, அப்பா சொகமா இருக்காருங்களா?”

எனக்குக் கோபம் பொங்கியது. “இப்போது கேட்கிறாயே. ஏழு வருஷமாக மலையைத் தாண்டி ஒரு தடவை வர முடியவில்லையா உனக்கு?”

“எப்படிங்க வர்றது? அப்பாதான் சீட்டு குடுத்துட்டாரே.”

“அதனால்தான் கேட்கிறேன். சீட்டுக் கொடுத்தும் வரவில்லையே நீ.”

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “கடைசி வரி இல்லைங்களேய்யா. மூணு வரிதான் இருந்துச்சு. திருப்பித் திருப்பிப் பாத்தேன். அட்டையோட பின்பக்கமும் பாத்தேன்.” குரல் உடைந்தது. “பல்லுக்கு எழுதின மாதிரி எழுதியிருந்தாரு.”

ரயில் வரும் சத்தம் கேட்டது. சனங்கள் மூட்டைகளைத் தூக்க ஆரம்பித்தார்கள். நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன். அது உன் அப்பா விட்ட வரி இல்லை, நான் விட்டது என்றேன்.

“அப்பா போடச் சொன்னாருங்களா?”

“சொன்னார். போட்டீர்களா என்று கேட்டும் பார்த்தார்.”

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். புருஷனிடம் ஓடினாள். “நாளைக்கு ரயில்ல போனா கப்பல் புடிக்கலாமாங்க? ஒரே ஒரு நாள்” என்று அவன் சட்டையைப் பிடித்துக் கேட்டாள். அவன் பாவம், என்ன செய்வான். தலைமன்னாரில் கப்பலுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. கிழவன் கிழவியிலிருந்து கைக்குழந்தை வரை எட்டுப் பேர் அந்த ரயிலில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். அவளையும் ஏற்றிவிட்டார்கள். ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு கத்தினாள்.

“இன்னைக்கே போயிச் சொல்லுங்கய்யா. நான் வரமாட்டேன்னு இருக்கலன்னு சொல்லுங்க. அந்தப் பக்கம் எறங்கினதும் வெலாசம் எழுதிப் போடுறேன்னு சொல்லுங்க!”

“சொல்கிறேன்” என்று கூடவே ஓடினேன். சத்தியமாகச் சொல்லவேண்டும் என்றுதான் ஓடினேன்.

பார்சலைத் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏறும்போது எப்படி ஆரம்பிப்பது என்று பேசிப் பேசிப் பார்த்துக்கொண்டேன். அவர் காலில் விழுந்துவிடுவதாகக்கூட முடிவு செய்திருந்தேன். பங்களா கராஜுக்கு முன்னால் ஹோட்டல் முதலாளியின் லொறி நின்றது. தரையில் சாக்கு விரித்து, சுவரில் இருந்த சாமான் அத்தனையையும் இறக்கி வரிசையாக வைத்திருந்தார் டிரைவர். ஹெட்லைட், டைனமோ, இருக்கை, சக்கரம், அந்தப் பித்தளை ஹோர்ன்.

“வாங்க சின்னய்யா, நல்ல நேரத்துல வந்தீங்க. முதலாளி அட்டையில என்ன எழுதியிருக்குன்னு கேக்குறாரு. வாசிச்சுச் சொல்லுங்க.”

“விற்கிறீர்களா?”

“எடுத்துக்கிட்டுப் போகட்டும்.”

வாசித்தேன். என் அச்சடித்த மாதிரிக் கையெழுத்தை நானே வாசித்தேன். ஒவ்வொரு அட்டையிலும் கடைசியில் அந்த வரி இருந்தது. ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க முதலாளி சந்தோஷமாகத் தலையாட்டி லொறியில் ஏற்றச் சொன்னார். தொரை வராந்தாவில் நின்று பைப்பில் புகை பிடித்துக்கொண்டிருந்தார்.

பாதிச் சாமான் ஏறிய பிறகு டிரைவர் என் பக்கத்தில் வந்தார்.

“தப்பால்காரன் சொன்னான். காமாட்சி ரயிலேறிருச்சாம். நீங்க ஸ்டேசனுக்குத்தான போனீங்க. பாத்தீங்களா?”

“கூட்டமாக இருந்தது அண்ணே” என்றேன்.

அவர் மலை முகட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. அடுத்துக் கேட்கப்போவதற்கு நான் ‘இல்லை’ என்று சொல்லமாட்டேனா என்று ஆசைப்பட்டுப் பார்த்தார். இத்தனை வருஷம் கழித்து எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

“சின்னய்யா, அந்தச் சீட்டுல கடைசி வரி போட்டீங்கள்ல?”

முதலாளி ஹோர்னைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொரையும் பார்த்தார். பத்து வருஷமாகத் தப்பில்லாமல் எழுதுகிற கிளாக்கர் என்ற பேர் எனக்கு. வேறு காரணம் எதுவும் சொல்லிக்கொள்ள மாட்டேன். பயந்துவிட்டேன்.

“போட்டேன்.”

“அப்ப அதுக்குத்தான் மனசில்ல” என்றார். குனிந்து மிச்சச் சாமானை லொறியில் ஏற்ற ஆரம்பித்தார்.

அதன் பிறகு அவர் ஸ்டோர் லொறி ஓட்டினார். என் ஜன்னலைத் தாண்டி தினமும் போவார், வணக்கம் சொல்வார், எதையும் எழுதச் சொல்லி வரவில்லை. அவளிடமிருந்து கடிதம் வரும் என்று தப்பால் பையைத் திறக்கும்போதெல்லாம் முதலில் அதைத்தான் தேடுவேன். வந்தால் உண்மை வெளியே வந்துவிடும் என்ற பயம். வந்துவிடாதா என்ற ஆசையும் இருந்தது. வரவே இல்லை. அந்தப் பக்கம் இறங்கினவர்களை வைத்திருக்கிற மண்டபம் கேம்பில் என்ன ஆனதோ, எந்த ஊரில் போய் விழுந்தாளோ. நாளைக்குச் சொல்லிவிடுவோம், பொங்கல் கழியட்டும், மழை விடட்டும் என்று நானும் நாலு வருஷத்தை ஓட்டினேன்.

அவருக்கு நெஞ்சில் சளி கட்டி டிஸ்பென்சரியில் படுக்க வைத்திருந்தார்கள். நான் பார்க்கப் போன சமயம் டிஸ்பென்சர் புத்தகத்தை வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “சேதி அனுப்ப சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?” என்று கேட்டார்.

டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவரிடம் சொன்னார்.

“ஒரு பொண்ணு இருந்துச்சுங்க. கூப்பிட்டேன். வரல.”

டிஸ்பென்சர் ‘யாருமில்லை’ என்று எழுதிக்கொண்டார். நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.